‘ரெட் ரெட் வைன்’ யாருடைய பாட்டு?

சுழல்தட்டு எழுதியது:

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து யூபி 40 குழுவின் ‘ரெட் ரெட் வைன்’ பற்றி எங்கே பேச்சு வந்தாலும், “அது அமெரிக்கப் பாடகர் நீல் டயமண்ட் பாட்டு, இவர்கள் ஜமைக்காவின் ரெகே இசையாக மாற்றிப் பாடினார்கள்” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். இதில் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. எழுதியவர் டயமண்ட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை ரெகேயாக்கியவர்கள் யூபி 40 அல்லர். அவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது. முடித்தவர்கள் டோனி ட்ரைப் என்ற ஜமைக்கப் பாடகரும் டாண்டி லிவிங்ஸ்டன் என்ற தயாரிப்பாளரும்.

பாட்டு நடந்து வந்த வழியைச் சொல்கிறேன். 1967இல் டயமண்ட் தன் ‘ஜஸ்ட் ஃபார் யூ’ ஆல்பத்தில் இதைப் பாடினார். காதலி போய்விட்டாள், நினைவு போக மறுக்கிறது, மதுவாவது மறக்கடிக்கட்டும் என்று கெஞ்சும் மெதுவான சோகப் பாட்டு. அவர் பாங் இசைத்தட்டு நிறுவனத்தை விட்டு விலகிய பிறகு, 1968இல் அந்த நிறுவனம் அவரைக் கேட்காமலேயே பின்னணிக் குழுக்குரலைச் சேர்த்து அதைத் தனித்தட்டாக வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் 62ஆம் இடத்தோடு நின்றுபோனது. அதே ஆண்டு பிரிட்டனில் ஜிம்மி ஜேம்ஸும் அவருடைய வேகபாண்ட்ஸ் குழுவும் சோல் நடையில் பாடி 36ஆம் இடம் பிடித்தார்கள். ஜிம்மி ஜேம்ஸும் ஜமைக்காவிலிருந்து வந்தவர்தான் என்பதைக் கவனியுங்கள்.

1969இல் டோனி ட்ரைப் பாடினார். ட்ரோஜன் நிறுவனத்தின் கிளை லேபிளான டவுன்டவுன் வெளியிட்டது. பிரிட்டனில் 46ஆம் இடம். எண்ணைப் பார்த்தால் சிறிய வெற்றி. ஆனால் கரீபியக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களிலும் நடன அரங்குகளிலும் அந்தத் தட்டு சுழன்றுகொண்டே இருந்தது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் 1983இல் ‘லேபர் ஆஃப் லவ்’ ஆல்பத்தில் அதைப் பாடி, பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் வைத்தார்கள்.

டயமண்ட் எழுதிய பாட்டு என்பதே அப்போது தங்களுக்குத் தெரியாது என்று யூபி 40 குழுவினர் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தட்டில் ‘என். டயமண்ட்’ என்று இருந்ததை, நீகஸ் டயமண்ட் என்ற யாரோ ஒரு ஜமைக்கக்காரர் என்று நினைத்தார்களாம். எத்தியோப்பிய மன்னருக்குரிய அந்தப் பட்டத்தை ஜமைக்காவின் ரஸ்தஃபாரி மதத்தினர் போற்றுவார்கள். ரெகே கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘என்’ என்ற எழுத்து அந்தப் பெயராகத் தோன்றியதில் வியப்பில்லை. எனவே அவர்கள் பாடியது டயமண்டின் பாட்டையல்ல, டோனி ட்ரைப்பின் பாட்டை. இதுதான் என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

—

மழைக்காலம் எழுதியது:

மறுக்கிறேன், சுழல்தட்டு ஐயா.

தகவல்களை மறுக்கவில்லை. ஆனால் வழியில் யார் யார் பாடினார்கள் என்பதை வைத்து ஒரு பாட்டின் உயிரைத் தீர்மானிக்க முடியாது. டயமண்டின் மூலப் பதிவைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். குரல் அடியிலிருந்து கரகரத்து எழுகிறது. ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குப் போகத் தயங்குகிறது. குடித்தும் மறக்க முடியாதவனின் நிலை அங்கே அப்படியே இருக்கிறது. யூபி 40 பாடும்போது அந்த வலி எங்கே போனது? கடற்கரை விடுதியில் மாலை நேரத்துக்கு ஒலிக்கவிடும் பாட்டாகிவிட்டது.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. இந்தக் குழு தொடங்கியபோது இப்படி இருக்கவில்லை. வேலையற்றோர் உதவித்தொகைக்கான படிவத்தின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டவர்கள். முதல் தட்டின் ஒரு பக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங்கைப் பாடினார்கள், மறுபக்கத்தில் பஞ்சத்தைப் பாடினார்கள். 1981இல் ‘ஒன் இன் டென்’ என்று வேலையின்மையைப் பாடினார்கள். அப்படிப்பட்டவர்கள் 1983இல் பழைய காதல் பாட்டுகளின் பக்கம் திரும்பி அதிலேயே பெரும்பணம் பார்த்தார்கள். இதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது.

—

தாளக்கட்டு எழுதியது:

மழைக்காலம் கேட்டது நல்ல கேள்வி. வலி எங்கே போனது? அது எங்கும் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பது என் கருத்து. வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டயமண்டின் பதிவில் எல்லாமே ஒரே திசையில் இழுக்கின்றன. சொல் சோகம், குரல் சோகம், வேகம் சோகம். கேட்பவன் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. ரெகேயில் அப்படியல்ல. நான்கு எண்ணிக்கையில் கிட்டார் ‘சக்’ ‘சக்’ என்று விழுவது நாம் காலைத் தட்டும் இடத்தில் அல்ல, அதற்கு எதிர்ப்பக்கத்தில். முதல் அடியைக் காலியாக விட்டு, மூன்றாவது அடியில் டிரம்மின் முழு எடையையும் இறக்குவது ஜமைக்க டிரம்மர்களின் பழக்கம். பேஸ் கிட்டார் தாளத்துக்கு முட்டுக் கொடுப்பதோடு நிற்காமல் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும். நடுவில் நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில்தான் உடம்பு அசையத் தொடங்குகிறது.

இப்போது இந்தப் பாட்டை அந்தக் கட்டில் வைத்துப் பாருங்கள். வாய் “என்னால் மறக்க முடியவில்லை” என்கிறது, இடுப்பு அசைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. மதுக்கடையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவனின் உள்ளே என்ன ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? அழுகிற மனிதனைக் காட்டுவதைவிட, அழாமல் ஆடுகிற மனிதனைக் காட்டுவது இந்தப் பாட்டுக்குப் பொருத்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மது வேண்டுமென்றே நாடப்படும் மயக்கம். தாளமும் இங்கே அந்த மயக்கத்தைத்தான் தருகிறது.

யூபி 40 பாடகர் அலி கேம்பெல் பாடும் முறையையும் கவனியுங்கள். எந்த வரியிலும் அவர் அழுத்திப் பிழிவதில்லை. மெல்லிய, சற்றே மூக்கொலி கலந்த குரல், ஒரே மட்டத்தில் நகர்கிறது. அது உணர்ச்சிக் குறைவு அல்ல. வலியைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனவனின் குரல் அப்படித்தான் இருக்கும்.

மெட்டு பெரும்பாலும் மூன்றே அடிப்படைக் கார்டுகளில், அதாவது சுரக்கூட்டுகளில், ஓடுகிறது என்பதும் முக்கியம். கார்டுகள் குறைவாக இருக்கும் பாட்டைத்தான் தாளத்தால் இப்படித் திருப்ப முடியும். டாண்டி லிவிங்ஸ்டனின் காது அதைக் கண்டுபிடித்திருக்கிறது.

—

பர்மிங்காம்வாசி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த நகரத்தில் குடியேறியவள். இங்கே இந்தக் குழுவைப் பற்றிப் பேசினால் யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. பெருமையும் சண்டையும் சேர்ந்தே வரும்.

மழைக்காலத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் காதல் பாட்டுகளுக்கு ‘திரும்பினார்கள்’ என்பது சரியல்ல, அவை அவர்களுடைய தெருவின் பாட்டுகள். அலி, ராபின் கேம்பெல் சகோதரர்களின் தந்தை இயன் கேம்பெல் ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடகர். குழுவில் ஜமைக்க வம்சாவளியினர் இருந்தார்கள், யேமன் வம்சாவளியினரும் இருந்தார்கள். இந்த நகரத்தின் போல்சல் ஹீத், மோஸ்லி பகுதிகளில் எல்லா வீட்டு வாசனையும் எல்லா வீட்டுப் பாட்டும் ஒன்றாகக் கலந்துதான் வரும். ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சொந்த இசை என்பது அண்டை வீட்டு ரெகேயாக இருந்தது. அந்த நகரத்தை அறியாதவர்களுக்குத்தான் இது விந்தை.

முதல் ஆல்பமான ‘சைனிங் ஆஃப்’ பெரும்பகுதியும் பாப் லேம்ப் என்பவரின் சிறிய வாடகை அறையில் பதிவானது. இடம் போதாமல் சில தாளக்கருவிகளைத் தோட்டத்தில் வைத்து வாசித்தார்கள். அந்த வறுமையிலிருந்து வந்தவர்கள் மூன்று ஆண்டுகள் கழித்து, தாங்கள் சிறுவயதில் கேட்ட பத்துப் பாட்டுகளை எடுத்து ‘லேபர் ஆஃப் லவ்’, அதாவது ‘அன்பின் உழைப்பு’ என்று பெயர் சூட்டி ஆல்பமாக வெளியிட்டார்கள். எரிக் டொனால்ட்சன், மெலோடியன்ஸ், ஸ்லிக்கர்ஸ், ஜிம்மி கிளிஃப், வெய்லர்ஸ் என்று ஜமைக்கக் கலைஞர்கள் பாடிய பாட்டுகள் அதில் இருக்கின்றன. பிரிட்டனில் 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையின்றி இருந்த காலம் அது. வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே மேடையில் நின்று ஜமைக்கப் பாட்டுக்கு நன்றி சொன்னார்கள். அதில் அரசியல் இல்லையா?

இந்தப் பாட்டின் கறுப்பு வெள்ளைக் காணொளியில் வரும் மதுக்கடை, இந்த நகரத்தின் டிக்பெத் பகுதியில் இருந்த ஈகிள் அண்ட் டன். அதிவேக ரயில் பாதைக்காக 2020இல் அதை இடித்துவிட்டார்கள். அதன் சுவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் நிறையப் பேர். இப்போது காட்ட ஒன்றுமில்லை. எனக்கு இது இன்னும் கோபம் தருகிற விஷயம்.

—

சுழல்தட்டு எழுதியது:

பர்மிங்காம்வாசி அக்காவுக்கு நன்றி. தாளக்கட்டு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.

ஜமைக்காவில் பிறர் பாட்டைப் பாடுவது தாழ்ந்த வேலை அல்ல. அந்த இசையே அப்படித்தான் வளர்ந்தது. ஐம்பதுகளில் மயாமி, நியூ ஆர்லியன்ஸ் வானொலிகளில் காற்றில் மிதந்து வந்த அமெரிக்கப் பாட்டுகளைக் கேட்டார்கள். ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனின் சவுண்ட் சிஸ்டங்கள், அதாவது பெரிய ஒலிபெருக்கிகளோடு தட்டு சுழற்றியவர்கள், அந்தத் தட்டுகளைத் தெருவில் ஒலிக்கவைத்தன. அமெரிக்காவிலிருந்து அப்படிப்பட்ட தட்டுகள் வருவது குறைந்தபோது கோக்ஸன் டாட், டியூக் ரீட் போன்றவர்கள் தாங்களே பதிவுசெய்யத் தொடங்கினார்கள். ஸ்கா என்ற வேகமான நடை வந்தது, 1966 வாக்கில் அது நிதானித்து ராக்ஸ்டெடி ஆனது, 1968இல் ரெகே. ஒவ்வொரு கட்டத்திலும் அமெரிக்கப் பாட்டு உள்ளே வந்து ஜமைக்கப் பாட்டாக வெளியே போனது.

கென் பூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட் குழுவின் டேவிட் கேட்ஸ் எழுதிய ‘எவ்ரிதிங் ஐ ஓன்’ பாட்டைப் பாடி 1974இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றார். கேட்ஸ் அதைத் தன் மறைந்த தந்தையை நினைத்து எழுதியவர். கென் பூத் பாடும்போது அது காதலின் இழப்பாகக் கேட்கிறது, அதற்காக ஒரு துளியும் குறையவில்லை. பாப் ஆண்டியும் மார்சியா கிரிஃபித்ஸும் நீனா சிமோனின் பாட்டை எடுத்து 1970இல் பிரிட்டனின் முதல் ஐந்துக்குள் கொண்டுவந்தார்கள்.

லண்டனில் இந்த வேலையைச் செய்தவர் டாண்டி. கிங்ஸ்டனில் பிறந்து பதின்வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். 1967இல் அவர் பாடிய ‘ரூடி, எ மெசேஜ் டு யூ’ பாட்டைத்தான் 1979இல் கவென்ட்ரியின் ஸ்பெஷல்ஸ் குழு எடுத்துப் பெரும் வெற்றி கண்டது. ரீக்கோ ராட்ரிகெஸ் இரண்டு பதிவுகளிலும் டிராம்போன் வாசித்தார். ‘லேபர் ஆஃப் லவ்’ ஆல்பத்தில் உள்ள ‘வெர்ஷன் கேர்ள்’ பாட்டை முதலில் ‘பாய் ஃபிரைடே’ என்ற பெயரில் பாடியவரும் இதே டாண்டிதான். பர்மிங்காமும் கவென்ட்ரியும் இருக்கும் மிட்லண்ட்ஸ் வட்டாரத்துப் பிள்ளைகள் இரண்டு முறை உலகை வென்றபோது இரண்டு முறையும் பின்னால் நின்றவர் அவர். பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

—

கணக்கர் எழுதியது:

பெயர் தெரியாததற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. இந்த இழையில் அதைப் பேசாமல் விடக்கூடாது.

பாட்டின் உரிமை என்று சட்டம் காப்பது சொல்லையும் மெட்டையும். அந்த இரண்டும் டயமண்டுடையவை. எனவே யூபி 40 பாடினாலும், வேறு யார் பாடினாலும், பாடலாசிரியர் பங்கு அவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் போகும். அது நியாயம். ஆனால் சோகப் பாட்டை எதிரடித் தாளத்தில் வைக்கலாம் என்ற யோசனைக்கு, அதை வைத்த விதத்துக்கு, மறுபதிவு செய்பவர்கள் எதுவும் தரத் தேவையில்லை. டோனி ட்ரைப்பின் தட்டு விற்றால் அந்தப் பதிவுக்கு உரிய பணம் உண்டு. அந்தப் பதிவைக் கேட்டுக் கற்றுக்கொண்டு மற்றொருவர் புதிதாகப் பதிவுசெய்தால் எதுவும் இல்லை.

யூபி 40 பதிவின் நடுவில் அந்தக் குழுவின் ஆஸ்ட்ரோ பேசும் வரிகளையே பாருங்கள். டயமண்டின் மூலத்தில் இல்லாத புதுச் சொற்கள் அவை. அப்படியிருந்தும் எழுதியவர் என்று அச்சாவது டயமண்ட் பெயர் மட்டுமே.

ஆக, சுழல்தட்டு ஐயாவின் கேள்விக்குச் சட்டத்தின் விடை ‘டயமண்ட்’. காதின் விடை வேறு. சட்டம் எழுதப்பட்டபோது மெட்டுதான் இசை, தாளம் அதற்கு வேலைக்காரன் என்ற எண்ணம் இருந்தது. ஜமைக்காவில் நேர்மாறு. அங்கே தாளத்துக்குத்தான் பெயர் வைப்பார்கள். ஒரே தாளக்கட்டின் மேல் பத்துப் பேர் பத்துப் பாட்டுப் பாடுவார்கள். இந்த இரண்டு உலகமும் மோதிய இடத்தில் ஜமைக்கக் கலைஞர்கள் தொடர்ந்து இழந்திருக்கிறார்கள். இது எனக்கு வெறும் தகவல் அல்ல, வருத்தம்.

—

மழைக்காலம் எழுதியது:

கணக்கர் சொன்னது யோசிக்கவைக்கிறது. பர்மிங்காம்வாசி சொன்னதில் ‘நன்றி’ என்ற பகுதியை ஏற்கிறேன். டயமண்டின் பதிவே மேல் என்பதில் மாற்றமில்லை.

ஒரு கேள்வி. பிரிட்டனில் வெற்றி பெற்றது 1983இல். அமெரிக்காவில் முதலிடம் பெற்றது 1988இல். நடுவில் ஐந்து ஆண்டுகள். ஒரு பழைய பாட்டு அப்படி எழுந்து வர என்ன காரணம்? விளம்பரமா?

—

வானொலிநேயர் எழுதியது:

விளம்பரம் பின்னால் வந்தது, முதலில் வந்தது ஒரு வானொலி நிலையம்.

1984இல் அமெரிக்காவில் வெளியானபோது பாட்டு 34ஆம் இடம் வரை போய் இறங்கிவிட்டது. அப்போது வானொலிக்குப் போனது சுருக்கிய வடிவம், ஆஸ்ட்ரோவின் பகுதி அதில் இல்லை. 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் நெல்சன் மண்டேலாவின் 70ஆம் பிறந்தநாளுக்காக மாபெரும் நிகழ்ச்சி நடந்தது. மண்டேலா அப்போது சிறையில். அந்த மேடையில் யூபி 40 இதைப் பாடினார்கள், உலகெங்கும் ஒளிபரப்பானது. அதன்பின் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்தின் கேஇசட்இசட்பி நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கை சபோலியன் முழுவடிவத்தைப் பட்டியலில் சேர்த்தார். நேயர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். மற்ற நிலையங்களும் பின்தொடர்ந்தன. ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனம் அதைப் புதிய பாட்டுபோல மறுபடி முன்னிறுத்தியது. 1988 அக்டோபர் 15 பட்டியலில் முதலிடம்.

சுருக்கிய வடிவம் 34, முழுவடிவம் 1. இதற்கு ஆஸ்ட்ரோ ஒருவரே காரணம் என்று சொல்ல மாட்டேன், மண்டேலா நிகழ்ச்சியின் பங்கும் உண்டு. ஆனால் அமெரிக்கர்களிடம் இந்தப் பாட்டைப் பாடச் சொன்னால் பலரும் முதலில் எடுப்பது அவருடைய வரிகளைத்தான்.

—

தாளக்கட்டு எழுதியது:

ஆஸ்ட்ரோ செய்வதற்கு டோஸ்டிங் என்று பெயர். சவுண்ட் சிஸ்டத்தில் தட்டைச் சுழலவிட்டு, மைக்கைப் பிடித்து அதன் மேல் பேசும் கலை. யூ ராய் 1970இல் டியூக் ரீடின் பழைய ராக்ஸ்டெடித் தாளங்கள் மேல் பேசி ஜமைக்கப் பட்டியலையே பிடித்தார். அமெரிக்க ராப் இசைக்கும் இதற்கும் உறவு உண்டு, கிங்ஸ்டனில் பிறந்த கூல் ஹெர்க் நியூயார்க்கின் பிராங்க்ஸில் நடத்திய விருந்துகள் எல்லாரும் அறிந்தவை. 1988இல் ராப் அமெரிக்காவில் வளர்ந்துகொண்டிருந்தது. 1984இல் வெட்டப்பட்ட பகுதி 1988இல் கவர்ச்சியாக மாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

மற்றொன்று. அலி பாடுவது மதுவைக் கெஞ்சும் சோகம். ஆஸ்ட்ரோ அதே மதுவைப் புகழ்ந்து, அது தன்னை நாளெல்லாம் ஆடவைக்கிறது என்று மகிழ்கிறார். ஒரே பாட்டுக்குள் இரண்டு குடிகாரர்கள், ஒருவன் அழுகிறான், ஒருவன் ஆடுகிறான். கேட்பவர் தன் நிலைக்கு ஏற்ற ஆளோடு உட்கார்ந்துகொள்ளலாம். கல்யாண வரவேற்பிலும் பிரிவுக்குப் பிந்தைய இரவிலும் இந்தப் பாட்டு ஒலிப்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

டயமண்டே பிற்காலத்தில் மேடையில் இதை ரெகே நடையில் பாடினார். மழைக்காலம் இதற்கு என்ன சொல்கிறார்?

—

மழைக்காலம் எழுதியது:

எழுதியவர் மனம் மாறலாம், நண்பரே. கேட்பவன் மாற வேண்டும் என்று கட்டாயமில்லை. இருந்தாலும் டோனி ட்ரைப்பின் பதிவை நேற்றிரவு கேட்டேன். யூபி 40 பதிவைவிட எனக்கு அது பிடித்திருக்கிறது. துள்ளல் அதிகம், ஆனால் குரலில் ஒரு பதற்றம் இருக்கிறது. ஒலிப்பதிவின் கரடுமுரடும் சேர்ந்து, உண்மையாகவே ஒரு அறையில் ஒரு மனிதன் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. எண்பதுகளின் சின்தசைசர் வழுவழுப்பு அதில் இல்லை. எனக்கு எதிரி ரெகே அல்ல, அந்த வழுவழுப்புதான்.

—

பர்மிங்காம்வாசி எழுதியது:

அந்த வழுவழுப்பைப் பற்றி இங்கேயும் சண்டை உண்டு. ‘சைனிங் ஆஃப்’ மட்டுமே உண்மையான யூபி 40 என்பவர்கள் ஒரு கட்சி. 2008இல் அலி விலகிய பிறகு குழுவே இரண்டாக உடைந்து, சகோதரர்கள் இரண்டு பக்கம் நின்றார்கள். ஆஸ்ட்ரோவும் சாக்ஸஃபோன் கலைஞர் பிரையன் டிராவர்ஸும் 2021இல் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். இரண்டு பிரிவும் இந்தப் பாட்டைப் பாடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை.

—

சுழல்தட்டு எழுதியது:

மழைக்காலம் டோனி ட்ரைப்பைத் தேடிக் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அப்படியே ‘கில்ட்டி’ என்ற பாட்டையும் கேளுங்கள். ‘லேபர் ஆஃப் லவ்’ ஆல்பத்தில் அதுவும் இருக்கிறது. ஒரே ஆல்பத்தின் இந்த இரண்டு பாட்டுகளில் ஒன்று உலகமெங்கும் போனது, மற்றது ஆல்பத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. ‘கில்ட்டி’ ஏன் தங்கிவிட்டது என்று தாளக்கட்டு சொல்ல வேண்டும். மெட்டில் குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.